ஈப்போவை உருண்டையாக்கியவர்

ஈப்போவில் தெருக்கள் நேராகத்தான் இருக்கின்றன. வெள்ளைக்காரன் ரூலர் வைத்துக் கோடு போட்டுவிட்டுப் போன மாதிரி அவ்வளவு நேர். அந்தத் தெருக்கள் அத்தனையையும் பிடித்து உருண்டையாக்கிய பெருமை இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதரைத்தான் சேரும். அவருடைய அடையாள அட்டையில் என்ன பெயர் இருந்தது என்று, ஏழு வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியாது. ஆபீசில் உருண்டை அண்ணே. தெருவில் உருண்டை அண்ணே. அவரே போனை எடுத்தால், "ஹலோ, உருண்டை பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஆள் உருண்டை இல்லை. ஒட்டடைக் கம்புக்குச் சட்டை மாட்டியது மாதிரி இருப்பார். பெயர் வந்தது அவர் எடுத்த படங்களால்.

எங்கள் ஆபீஸ், வீடும் கடையும் விற்கிற ஏஜென்டுகளுக்குத் தெருப்படம் செய்து கொடுக்கிற ஆபீஸ். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து இழுத்தால் தெருவே உங்களைச் சுற்றி வரும். முன்னால் கடை வரிசை, பின்னால் கோழிச்சோற்றுக் கடை, மேலே ஆகாயம், கீழே தார் ரோடு. நீங்கள் ஒரு உருண்டைக்குள் நட்டநடுவில் நிற்கிற மாதிரி இருக்கும். படம் எடுப்பது உருண்டை அண்ணே. துண்டு துண்டாக வந்ததை ஒன்றாக ஒட்டுவது நான். ஆபீசில் இதற்குத் தையல் என்று பெயர்.

தைத்து முடித்தால் எனக்கு இன்னொரு வேலை உண்டு. ஆள் அழிப்பது. வீடு வாங்க வருகிறவர்களுக்குத் தெரு காலியாக, சுத்தமாகத் தெரிய வேண்டுமாம். காலையிலிருந்து மாலை வரை உட்கார்ந்து காய்கறிக்காரரையும் பள்ளிப் பிள்ளைகளையும் நாயையும் துடைத்துக்கொண்டிருப்பேன். சாயந்திரம் வீட்டுக்குப் போய் மேசை துடைப்பேன், தரை துடைப்பேன், அப்பா சிந்திய ரசத்தைத் துடைப்பேன். ஐம்பத்திரண்டு வயதில் என் வாழ்க்கையை ஒரே வார்த்தையில் சொல்லு என்று யாராவது கேட்டால் யோசிக்கவே வேண்டியதில்லை.

உருண்டை அண்ணே வைத்திருந்தது மீன்கண் லென்ஸ். மீன் பாசாரில் ஐஸ் மேல் படுத்திருக்கும் கெம்போங் மீனின் கண் மாதிரி வெளியே பிதுங்கிக்கொண்டிருக்கும். ஒரே பார்வையில் பாதி உலகத்தை விழுங்கிவிடும். கேமராவை ஒரு கம்பின் உச்சியில் மாட்டுவார். அடியில் ஒரு நூல், நூல் முனையில் ஒரு இரும்பு நட்டு. ரோட்டில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டு, நட்டு சரியாக அதன் மேல் தொங்கும்படி நின்றுகொண்டு, முன்னால், வலது, பின்னால், இடது என்று நாலு படம். பிறகு மேலே ஒன்று, கீழே ஒன்று. கம்பை நகர்த்தாமல் அவர்தான் அதைச் சுற்றி வருவார், கோயிலில் நவக்கிரகம் சுற்றுகிற மாதிரி.

"லென்ஸு நிக்கணும், மனுசன்தான் சுத்தணும். லென்ஸு ஒரு இஞ்சு அசைஞ்சா ஒனக்குத்தான் சூசா" என்பார். சூசா என்றால் மலாய்க்காரர் பாஷையில் தொல்லை. அதில் எனக்குக் குறைவே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

இந்தச் சுண்ணாம்புக் குறியால் ஒரு தடவை ஒரு தெருவே நடுங்கியது. இருபது தப்படிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு குறி போட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். முனிசிபல் ரோட்டைத் தோண்டப் போகிறது என்றார் ஒருவர். தோண்டுவது இல்லை, கடையை இடிக்கப் போகிறார்கள் என்றார் அடுத்தவர். அரை மணியில் கையெழுத்து வாங்க ஒரு தாள் சுற்றியது. மளிகைக் கடை அம்மா இது வேறு விவகாரம் என்று முடிவு கட்டி, தன் கடைக்கு நேரே இருந்த குறி மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டார். உருண்டை அண்ணே திரும்பி வந்து எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். கோபப்படவில்லை. நட்டை அதன் மேல் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். கீழ்ப் படத்தில் மஞ்சள் தண்ணீரும் அவருடைய ரெண்டு சப்பாத்துக் காலுமாக வந்திருந்ததை நான் ஒரு மணி நேரம் துடைத்தேன்.

இன்னொரு தடவை சவ ஊர்வலத்தை நிறுத்தினார். வேண்டுமென்று இல்லை. ரோட்டு வேலைக்காரர்கள் போடுகிற பளபள பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடு ரோட்டில் நின்று, "ஒரு நிமிசம்தான் லா!" என்று கையைக் காட்டினார். அதிகாரி என்று நினைத்து வண்டி நின்றது. பாண்டு வாத்தியம் நின்றது. அழுதுகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டு இவர் கம்பைச் சுற்றுவதை வேடிக்கை பார்த்தார்கள். நாலாவது படம் எடுத்ததும் தொப்பியைக் கழற்றிக் குனிந்து கும்பிட்டு வழி விட்டார்.

அந்தப் படத்தைப் பார்த்து எங்கள் பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். பாஸுக்கு முப்பத்தஞ்சு வயதுதான், ஆனால் கவலைக்கு எழுபது வயது.

"அண்ணே, சவ வண்டி நிக்கிற தெருவுல எவன் வீடு வாங்குவான்?"

"அந்தத் தெருவுல யாரும் சாகமாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுக்கப் போறீங்களா பாஸ்?"

"ஆளு இல்லாத நேரமா பாத்து எடுக்கலாம்ல?"

"ஆளு இல்லாட்டி அது தெருவா லா? காரு நிறுத்துற எடம்."

அவர் தன் கையால் ஒருத்தரையும் அழிக்கமாட்டார். அசல் படங்களை எல்லாம் தனியாகப் பெட்டி பெட்டியாக வைத்திருப்பார். அழிப்பது என் வேலை என்பதால் என்னைத் தடுக்கவும் மாட்டார். ஆனால் நான் அழிக்கும்போது பின்னால் வந்து நின்றுகொள்வார். அதுதான் கொடுமை.

"இவரு டெக்சி ஓட்டுறவரு. அடுத்த மாசம் மவளுக்குக் கல்யாணம். நீ அழி, பரவால்ல."

"அண்ணே, போங்கண்ணே."

"அந்தப் புள்ளைக்கு இன்னிக்குத்தான் பல்லு விழுந்துச்சாம். காட்டுச்சு. அழிச்சிரு, அழிச்சிரு."

இப்படிச் சொன்னால் எந்தக் கை நகரும்? அவரை விரட்டிவிட்டுத்தான் வேலை செய்வேன். நாளாக நாளாக முகத்தையே பார்க்காமல் துடைக்கப் பழகிக்கொண்டேன். சட்டை நிறம், கால், நிழல், அவ்வளவுதான். களைத்துப்போன ஆளுக்கு அதுதான் சுலபம்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. செமோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால் வெட்டியவர். தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, அப்பா என் ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார், கொஞ்ச நாளில் ஞாபகமும் அவரை விட்டுக் கிளம்ப ஆரம்பித்துவிட்டது. நான் வேலைக்குப் போனால் பக்கத்து வீட்டு மலர் அக்கா வந்து வந்து பார்த்துக்கொள்வார். முன்னால் ரெண்டு தடவை அப்பா காணாமல் போனபோதும் செமோரில்தான் கண்டுபிடித்தோம்.

முந்தின ராத்திரி அவர் தூங்கவில்லை. ஆகவே நானும் தூங்கவில்லை. காலையில் உருண்டை அண்ணே டவுன் பஸ் ஸ்டேஷன் பக்கத் தெருவை எடுத்துவிட்டுப் பதினோரு மணிக்கு என் மேசையில் கேமரா கார்டை வைத்தார். பாஸ் மத்தியானத்துக்குள் வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். தைத்தேன், அழித்தேன். தைத்தேன், அழித்தேன். ஒரு படத்தில் தையல் விழுந்த இடத்தில் ஒரு மனிதர் பாதியாக நின்றார். அண்ணே கம்பைச் சுற்றுகிற நேரத்தில் யாராவது நடந்து போனால் இப்படி ஆகும். ஒரு துண்டில் இருப்பார்கள், அடுத்த துண்டில் இருக்கமாட்டார்கள். ஒரு கால், ஒரு கை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வாரத்துக்கு நாலு அரை ஆள் வரும். துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

ஒன்றரை மணிக்கு மலர் அக்கா போன் செய்தார்.

"வசந்தா, அப்பா இங்க இல்லம்மா. காலையில ஒம்போது மணிக்குப் பாத்தேன், தூங்குறாருன்னு நெனச்சேன். இப்ப பாத்தா தலவாணிக்குப் போர்வை போத்தி வச்சிருக்காரு."

ஞாபகம் போகிற மனிதருக்கு இந்தத் தந்திரம் மட்டும் எங்கிருந்து வந்ததோ. தம்பி குமாரைக் கூப்பிட்டேன். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு நேரே செமோருக்குப் போவதாகச் சொன்னான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

உருண்டை அண்ணே சோற்றுப் பொட்டலத்தை அப்படியே மூடி வைத்தார். அப்பாவை அவர் பார்த்ததே கிடையாது.

"அப்பா என்னா சட்டை?"

"நீலம். கட்டம் போட்டது. அண்ணே, நான் கெளம்பணும்."

"இரு. ஒங்க ஃப்ளாட்டுலருந்து டவுனுக்கு வரணும்னா எந்த வழி? நான் காலையில நின்ன தெருதானே?"

"இப்ப படம் பாக்குற நேரமாண்ணே?"

அவர் என் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, அசல் படங்களைத் திறந்தார். பதினோரு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு படம். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீன்கண் படத்தில் ஓரத்தில் நிற்கிறவர்கள் வாழைப்பழம் மாதிரி வளைந்திருப்பார்கள். அந்த வாழைப்பழங்களை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். எட்டாவது இடம் முடிந்தது. ஒன்பதாவது இடம், மூன்றாவது படம்.

"இவரா?"

வட்டத்தின் விளிம்பில் முதுகு வளைந்து, சுண்டுவிரல் அளவில் அப்பா போய்க்கொண்டிருந்தார். கட்டம் போட்ட நீலச் சட்டை. கையில் பிளாஸ்டிக் பை.

"இந்த லென்ஸுல கிட்ட நிக்கிறவங்களும் தூரமா தெரிவாங்க" என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு எட்டு வச்சிருந்தா நான் கையப் பிடிச்சிருப்பேன்."

எனக்கு அவர் சொன்னது காதில் விழவில்லை. அந்தக் கையையும் பையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டு மணி நேரத்துக்கு முன்னால் பாதியாக நின்ற ஆள். முகத்தைப் பார்க்காமல் நான் துடைத்துப்போட்ட ஆள். தைத்து முடித்த படம் பக்கத்திலேயே திறந்துதான் கிடந்தது. அதில் அந்த இடத்தில் வெறும் தார் ரோடு, நல்ல வெயில்.

உருண்டை அண்ணே அந்தப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மௌஸை நகர்த்தி அதை மட்டும் மூடினார்.

அடுத்த அசலில் ஒரு பஸ் நின்றது. படியில் நீலக் கட்டம் போட்ட ஒரு முதுகு. பஸ்ஸின் நெற்றியில் காம்பார் என்று இருந்தது.

"செமோர் இல்ல லா. வடக்க போகல, தெக்க போயிருக்காரு. வா, காரு கீழ இருக்கு."

அவருடைய காரில் பின் சீட்டு முழுக்கக் கம்புகள். வழக்கமாக அந்தக் காரை மாட்டு வண்டியும் முந்தும். ரோட்டை விட்டுவிட்டுக் கடைகளையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அன்றைக்கு அவர் ஒரு பக்கமும் திரும்பவில்லை. குமார் செமோரிலிருந்து கூப்பிட்டு, அங்கே யாரும் பார்க்கவில்லை என்றான்.

"காம்பார்ல யாரு இருக்கா?" என்று கேட்டார் அண்ணே.

"யாரும் இல்லண்ணே. நாங்க அங்க போறதே இல்ல."

கோப்பெங் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் காம்பாரில் ஒரு தையல் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். கடைவீட்டு மாடியில் எட்டுப் பெண்களோடு தங்கியிருந்தேன். ஓய்வு நாளில் அப்பா தோட்டத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, தேங்காய் பன் வாங்கிக்கொண்டு கீழே நிற்பார். மேலே வரமாட்டார். பெண்கள் தங்குகிற இடம் என்று கூச்சம். நான் எவ்வளவு நேரம் கழித்து இறங்கினாலும் அங்கேயே நிற்பார்.

அந்தக் கடைவீடு இன்னும் இருந்தது. கீழே இப்போது கல்லூரிப் பிள்ளைகள் பால் தேநீர் குடிக்கிற கடை. கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பை. கடைப் பெண் ஒரு பெரிய கப்பைக் கையில் கொடுத்திருந்தாள். அடியில் ஜவ்வரிசி மாதிரி கறுப்பு உருண்டைகள். அப்பா அதைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகக் கேட்டார்.

"நீங்க மேலதான் தங்கியிருக்கீங்களாம்மா? எம்மவ வசந்தாவத் தெரியுமா? சிப்டு முடிஞ்சி வந்துட்டாளா?"

 உருண்டை அண்ணே எனக்கு முன்னால் வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"ஐயா, மொதல்ல என்னைய மன்னிக்கணும். காலையில நான்தான் ஒங்களப் படம் எடுத்தேன். எடுக்கிற அவசரத்துல ஒங்கள ரெண்டா வெட்டிட்டேன்."

அப்பா தன் கையைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"பரவால்ல தம்பி. ரெத்தம் வரல."

நான் சிரித்தேனா அழுதேனா என்று அந்தக் கடைப் பெண்ணைக் கேட்டால்தான் தெரியும். "வசந்தாவைத் தெரியும்பா, வாங்க போலாம்" என்று கையைப் பிடித்தேன். உடனே எழுந்துவிட்டார். கம்புகளை எல்லாம் முன்னால் நீட்டி வைத்துவிட்டுப் பின் சீட்டில் அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். பாதி வழியில் பையைத் திறந்து ஒரு பன்னை எடுத்து என் கையில் வைத்தார்.

"தின்னு. சிப்டுல ஒண்ணும் தின்னுருக்கமாட்டே. ஏன் இப்படிக் களைச்சுப் போயிருக்கே, வசந்தா?"

தின்றேன். நசுங்கிப்போன பன். நான் மத்தியானமும் சாப்பிட்டிருக்கவில்லை.

நாங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து சேர்ந்தபோது குமார் வாசலில் நின்றான். அப்பாவை உட்காரவைத்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டான். நான் வாயைத் திறந்தேன். அழித்ததைச் சொல்லிவிடத்தான் திறந்தேன். அதற்குள் உருண்டை அண்ணே முந்திக்கொண்டார்.

"ஒங்கக்காதான் லா. தைக்கிறப்பவே இது எங்கப்பான்னு பிடிச்சிருச்சு. நான் எடுத்த படத்துல எனக்கே தெரியல. அந்தக் கண்ணு யாருக்கும் வராது."

படத்திலிருந்து ஒரு தெரு நாயைக்கூடத் தன் கையால் அழிக்காத மனிதர், கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதித்து வற்றி, மறுபடி ஊற்றிக் கொதித்த பிறகுதான் வெளியே வந்தேன். அதற்குப் பிறகு அவர் அந்த விஷயத்தை என்னிடம்கூட எடுத்ததில்லை.

மறுநாளிலிருந்து நான் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன். அதனால் வேலை பின்தங்கியது, பாஸ் கத்தினார். கொஞ்ச மாதத்தில் அந்தக் கவலையும் தீர்ந்தது. காரின் கூரையில் கேமரா மாட்டி ஓட்டினால் போதும், தையலும் அழிப்பும் கம்ப்யூட்டரே செய்துவிடும் என்று வந்துவிட்டது. என்னைப் போன் எடுக்கிற மேசைக்கு மாற்றினார்கள். கம்பைச் சுற்றிவருகிற மனிதருக்கு அதன் பிறகு ஆபீசில் மேசையே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது பாரிட் புந்தாரில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார். அங்கேயும் சும்மா இல்லை. கம்பை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். வாரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் வரும்.

"சாப்டியா? இங்க ஒரே வயலு லா. நாலு பக்கமும் ஒரே பச்சை. எந்தப் படம் எந்தப் பக்கம்னு தெரியல. தைக்கவே முடியல."

"ஆளு யாராச்சும் நிப்பாங்கள்ல, அத வச்சிப் பிடிங்கண்ணே."

"நாரைதான் நிக்குது. அதுவும் அடுத்த படத்துல பறந்து போயிருது."

எனக்கு நாள் முழுக்கப் போன் எடுத்து எடுத்துக் காது வலிக்கும். வீட்டுக்கு வந்தபின் வேறு யார் கூப்பிட்டாலும் எடுக்கமாட்டேன். அவர் கூப்பிட்டால் எடுப்பேன். கடைசியில் அப்பாவிடம் கொடு என்பார். ரெண்டு பேரும் நாரையைப் பற்றி, மழையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். அப்பாவுக்கு அவர் யாரென்று தெரியாது. போனை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"நல்ல மனுசனா பேசுறாரு. யாரும்மா அது?"

"நம்ம வீட்டு ஆளுதான்பா" என்பேன்.